வைரத்தின் எண் 56

பத்து வயதுப் பிள்ளை இருக்கும் வீட்டில் மைன்கிராஃப்ட் என்ற பெயர் காதில் விழாமல் இருக்காது. சுவீடன்காரர் மார்கஸ் பெர்சன் 2009இல் வெளியிட்ட விளையாட்டு அது. உலகம் முழுவதும் சதுரக் கட்டைகளால் ஆனது. மண்ணைத் தோண்டலாம், மரத்தை வெட்டலாம், வீடு கட்டலாம், ஆழத்தில் வைரம் தேடலாம். அதை உருவாக்கிய மோஜாங் நிறுவனத்தை 2014இல் மைக்ரோசாஃப்ட் 250 கோடி டாலர் கொடுத்து வாங்கியது. பெர்சன் அந்த உலகத்தை எழுதியது ஜாவா மொழியில். கல்லூரியில் நான் பாடம் நடத்தும் அதே ஜாவா.

அக்கா மகன் விடுமுறைக்கு வந்திருந்தபோது மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "சித்தி, நான் இன்னும் தோண்டவே இல்ல. கீழ வைரம் எங்க இருக்குன்னு கம்ப்யூட்டருக்கு மட்டும் எப்படித் தெரியும்?"

"பழைய மைன்கிராஃப்ட்ல ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு நம்பர் உண்டுடா. காத்துக்கு 0, கல்லுக்கு 1, மண்ணுக்கு 3, வைரத்துக்கு 56. அந்த நம்பரையெல்லாம் வரிசையா எழுதி வச்சிருக்கு."

"எதுல எழுதி வச்சிருக்கு?"

பொறியியல் படிக்கிற பிள்ளைகள் என்னிடம் கேட்க வேண்டிய கேள்வி அது. அவர்களில் பலர் கேட்பதில்லை. ஏனென்றால் நம் பாடத்திட்டம் அந்த இடத்துக்கு வருவதற்கு முன்பே அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறது.

எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட். ஒரு பைட்டில் 256 வெவ்வேறு மதிப்புகளில் ஏதாவது ஒன்றை எழுதலாம். மைன்கிராஃப்ட்டின் தொடக்க ஆண்டுகளில் ஒரு கட்டைக்கு ஒரு பைட் என்பதுதான் கணக்கு. உலகத்தை அது துண்டு துண்டாக வெட்டி வைத்திருந்தது. ஒரு துண்டின் நீளம் 16 கட்டை, அகலம் 16 கட்டை, உயரம் 128 கட்டை. பெருக்கிப் பார்த்தால் 32,768 கட்டைகள், 32,768 பைட். நீளம், அகலம், உயரம் என்று மூன்று திசை இருப்பதால், ஜாவா படித்த யாரிடம் கொடுத்தாலும் உடனே சொல்லும் பதில், முப்பரிமாண பைட் அணி.

ஒரே வகைத் தரவுகளைத் தொடர் எண் கொடுத்து வரிசையாக வைப்பதுதான் அணி. வகுப்பில் ‘அரே’ என்போம். எண் 0இல் தொடங்கும். பத்து இடம் உள்ள அணியில் கடைசி இடத்தின் எண் 9. நிழற்படம், பாட்டு, மருத்துவமனை ஸ்கேன், வாட்ஸ்அப் குரல்பதிவு எதுவானாலும் ஜாவா நிரலுக்குள் நுழையும்போது பெரும்பாலும் பைட் அணியாகத்தான் வந்து இறங்குகிறது. அதனால் இந்த ஒரு பாடத்தைச் சரியாகப் படித்தவருக்குப் படம், ஒலி, வரைபடம் என்று பல கதவுகள் திறக்கும்.

இரண்டு திசை வேண்டுமென்றால், பைட் என்று எழுதி [3][4] என்று இரண்டு ஜோடி அடைப்புக்குறி போடுகிறோம். மூன்று வரிசை, வரிசைக்கு நான்கு இடம். கரும்பலகையில் கட்டம் போட்டுக் காட்டுவோம், மாணவர்களும் கட்டம் போட்டு எழுதிக்கொள்வார்கள். ஆனால் ஜாவாவுக்குள் அந்தக் கட்டம் கிடையாது.

சி மொழியில் இதையே கேட்டால் 12 பைட் ஒட்டினாற்போல் ஒரே துண்டாகக் கிடைக்கும். ஜாவாவில் நான்கு பைட் கொண்ட அணிகள் மூன்று தனித்தனியாக உருவாகின்றன. அவை நினைவகத்தில் எங்கே இருக்கின்றன என்ற முகவரிகளை மட்டும் வைத்துக்கொண்டு நான்காவதாக ஓர் அணி மேலே நிற்கிறது. அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில் இருக்கும் பெயர்ப்பலகையை நினைத்துக்கொள்ளுங்கள். எந்த வீடு எங்கே என்று பலகை சொல்லும். பலகைக்குள் யாரும் குடியிருப்பதில்லை. முப்பரிமாண அணி என்றால் பலகைக்கு மேல் இன்னொரு பலகை. ஜாவாவில் பல பரிமாண அணி என்று நாம் சொல்வதெல்லாம் அணிகளின் அணிதான். இந்த ஒரு விஷயம் மனதில் பதிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக வரும்.

முதலில் வருவது நினைவகக் கணக்கு. இதை நான் வகுப்பில் தாளும் பேனாவும் வைத்துப் போடச் சொல்வேன்.

64 பிட் கணினியில் வழக்கமான ஜாவா இயந்திரம் ஒவ்வோர் அணிக்கும் 16 பைட் தலைப்பு வைக்கிறது. இது என்ன வகை, எத்தனை இடம் என்ற விவரங்கள் அதில் இருக்கும். மொத்த அளவு 8இன் மடங்காக உயர்த்தப்படும். முகவரி ஒன்றுக்கு 4 பைட். இப்போது மைன்கிராஃப்ட் துண்டை [16][16][128] என்று எழுதுவோம். கடைசி மட்டத்தில் 128 பைட் கொண்ட அணிகள் 256 வரும். ஒவ்வொன்றும் தலைப்போடு 144 பைட். மேலே உள்ள முகவரிப் பலகைகளையும் சேர்த்தால் மொத்தம் 38,224 பைட். 32,768க்கு இது கொஞ்சம் அதிகம், பொறுத்துக்கொள்ளலாம்.

அதையே உயரத்தை முன்னால் வைத்து [128][16][16] என்று எழுதுங்கள். கட்டைகளின் எண்ணிக்கை மாறவில்லை. ஆனால் கடைசி மட்டத்தில் இப்போது 2,048 குட்டி அணிகள். 16 பைட் தரவுக்கு 16 பைட் தலைப்பு. மொத்தம் 76,304 பைட். அடைப்புக்குறிக்குள் மூன்று எண்களை இடம் மாற்றியதற்கு இரண்டு மடங்கு விலை. விளையாட்டில் ஆட்டக்காரரைச் சுற்றி ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கான துண்டுகள் திறந்திருக்கும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

இது ஏட்டுக் கணக்கு இல்லை. இறுதியாண்டு மாணவி ஒருத்தி நிழற்படங்களைப் பென்சில் ஓவியமாக மாற்றும் செயல்திட்டம் செய்துகொண்டிருந்தாள். "மேம், ஒரு போட்டோ திறந்தா 6 எம்பிதான் வருது. இருபது போட்டோ ஏத்துனா அவுட் ஆஃப் மெமரின்னு நின்னுடுது. வேற லேப்டாப் வாங்கணுமா?" என்று வந்து நின்றாள். அவளுடையது 4 ஜிபி நினைவகம் கொண்ட பழைய மடிக்கணினி. நாமாக வேறு அளவு சொல்லாவிட்டால், கணினியின் நினைவகத்தில் கால் பங்குவரைதான் ஜாவா தன் தரவுகளுக்கு எடுத்துக்கொள்ளும். அப்படியானால் 1 ஜிபி. இருபது படத்துக்கு 120 எம்பிதானே வர வேண்டும்?

நிரலைத் திறந்து பார்த்தேன். படத்தின் அளவு 1920க்கு 1080. ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று பைட். அவள் எழுதியிருந்தது [1080][1920][3]. படிக்க அழகான வரிசைதான்: இந்த வரியில், இந்தப் புள்ளியில், இந்த நிறம். ஆனால் ஒவ்வொரு புள்ளிக்கும் தனியாக ஓர் அணி உருவாகிறது. 3 பைட் தரவு, 16 பைட் தலைப்பு, சேர்த்தால் 19. 8இன் மடங்குக்கு உயர்த்தினால் 24. அதைச் சுட்டும் முகவரி 4. ஒரு புள்ளிக்கு 28 பைட். படத்தில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட புள்ளிகள். 6 எம்பி என்று அவள் நினைத்த படம் நினைவகத்தில் ஏறத்தாழ 58 எம்பியாக உட்கார்ந்திருந்தது. இருபது படம் ஏறுவதற்குள் 1 ஜிபி தீர்ந்துபோனதில் வியப்பில்லை.

"லேப்டாப் மாத்த வேண்டாம்மா. அந்த 3ஐ முன்னாடி கொண்டு வா" என்றேன். [3][1080][1920]. சிவப்புக்கு ஒரு முழுத் தளம், பச்சைக்கு ஒன்று, நீலத்துக்கு ஒன்று. தலைப்பும் முகவரியும் எல்லாம் சேர்த்து ஒரு படம் 63 லட்சம் பைட்டுக்குள் அடங்கியது. இருபது படமும் ஏறின. அந்தக் குடும்பத்துக்கு ஒரு மடிக்கணினியின் விலை எவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரியும். அவள் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது ஒரு வகுப்பு நேரத்துப் பாடம்.

இன்னும் ஒரு படி மேலே போகலாம். பரிமாணங்களையே விட்டுவிட்டு எல்லாவற்றையும் ஒரே நீளமான அணியில் அடுக்கிவிட்டு, இடத்தைக் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்கலாம். மைன்கிராஃப்ட்டின் பழைய சேமிப்புக் கோப்பில் இருப்பது இதுதான்: 32,768 பைட் கொண்ட ஒற்றை அணி. கிழக்கு மேற்கு எண்ணை 2,048ஆல் பெருக்கு, வடக்கு தெற்கு எண்ணை 128ஆல் பெருக்கு, உயரத்தைக் கூட்டு. கிழக்கே 5, தெற்கே 3, உயரம் 64இல் இருக்கும் கட்டையைக் கேட்டால் 10,240உடன் 384, அதோடு 64. ஆக 10,688ஆம் எண் இடம். அங்கே 56 இருந்தால் அக்கா மகன் தேடும் வைரம் அதுதான். முகவரி தேடிப் பலகை பலகையாக ஏறி இறங்கும் வேலை இல்லை. தலைப்பும் ஒன்றே ஒன்று. ஜாவாவின் சொந்தப் பட வகுப்பான பஃபர்டு இமேஜும் கறுப்பு வெள்ளைப் படத்தை ஒற்றைப் பைட் அணியில்தான் வைத்திருக்கிறது.

வேகத்துக்கும் இதில் பங்கு உண்டு. இன்றைய இன்டெல், ஏஎம்டி செயலிகள் நினைவகத்திலிருந்து ஒரு பைட் கேட்டாலும் அதை ஒட்டியுள்ள 64 பைட்டைச் சேர்த்தே அள்ளிக்கொண்டு வரும். வரிசை வரிசையாகப் படித்தால் அள்ளிவந்தது முழுவதும் பயன்படும். நெடுவரிசையாகக் கீழே இறங்கிப் படித்தால் ஒரு பைட்டைத் தொட்டுவிட்டு மீதி வீணாகும். பெரிய படமொன்றில் இரண்டு ஃபார் சுழற்சிகளை உள்ளே வெளியே மாற்றிப் போட்டு நேரத்தை அளந்து பாருங்கள்; வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

அடுத்தது பைட்டின் குறி. ஜாவாவில் பைட் என்றால் 0 முதல் 255 வரை இல்லை. -128 முதல் 127 வரை. எட்டு பிட்டில் முதல் பிட்டை ஜாவா மைனஸ் குறியாக எடுத்துக்கொள்கிறது. 2012இல் மைன்கிராஃப்ட்டில் மரகதம் வந்தது. மரகதத் தாதுவின் எண் 129. அந்நாளைய கோப்பைத் திறந்து அந்தப் பைட்டை அப்படியே அச்சிட்டால் -127 என்று வரும். கோப்பில் இருக்கும் பிட்டுகள் சரியாகவே இருக்கின்றன. நாம் படித்த விதம்தான் வேறு. படிக்கும்போது & 255 என்று சேர்த்துவிட்டால் 129 கிடைத்துவிடும். 2014இல் வந்த ஜாவா 8இலிருந்து, பைட் வகுப்பில் ‘டுஅன்சைன்ட்இன்ட்’ என்ற செயற்கூறும் இதற்கு இருக்கிறது. குறியில்லா எண்களின் நுணுக்கம் நிரலர்களையே குழப்புகிறது, மொழி எளிமையாக இருக்கட்டும் என்பதற்காகத்தான் அவற்றை விட்டோம் என்ற பொருளில் ஜாவாவை உருவாக்கிய ஜேம்ஸ் கோஸ்லிங் பின்னாளில் விளக்கமளித்திருக்கிறார். பொதுவான நிரல்களுக்கு அவர் சொன்னது பொருந்தும். பைட்டோடு வேலை செய்பவர்களுக்கு அந்த எளிமை கூடுதல் வேலையாகத்தான் முடிந்தது என்பது என் கருத்து.

படங்களில் இந்தக் கோளாறு கண்முன்னே தெரியும். ஒரு புள்ளியின் வெளிச்சம் 200 என்று வையுங்கள். பைட்டுக்குள் அது -56. படத்தைப் பளிச்சென்று ஆக்க 100 கூட்டினால் 44. வெளுத்த வானமாக இருக்க வேண்டிய இடம் கருத்துப்போகும். முதலில் & 255 போட்டு 200ஐ மீட்க வேண்டும், பிறகு கூட்ட வேண்டும், 255ஐத் தாண்டினால் 255இலேயே நிறுத்த வேண்டும், அதன் பிறகுதான் பைட்டாக்கித் திருப்பி வைக்க வேண்டும். வானத்தில் கரும்புள்ளிகளோடு யாராவது படம் கொண்டு வந்தால் நான் முதலில் தேடுவது இந்த 255ஐத்தான்.

நம் மொழிக்கும் இதில் ஒரு நேரடித் தொடர்பு இருக்கிறது. தமிழ் உரையை யூடிஎஃப்-8 முறையில் பைட்டாக மாற்றினால், உயிர் ஆனாலும் அகரமேறிய மெய் ஆனாலும் கொம்பு, கால், புள்ளி போன்ற குறி ஆனாலும் ஒவ்வொன்றும் மூன்று பைட். ‘த’வின் மூன்று பைட்கள் 224, 174, 164. ஜாவாவில் அச்சிட்டால் -32, -82, -92. தமிழின் எல்லா எழுத்துக்கும் குறிக்கும் முதல் பைட் இதே 224தான். ஆகவே தமிழ்க் கோப்பு ஒன்றைப் பைட் அணியாகத் திறந்து பார்க்கும் மாணவர்களுக்கு மூன்றுக்கொரு முறை -32 தெரியும். கோப்பு கெட்டுப்போய்விட்டது என்று பயந்து வருபவர்கள் உண்டு. கெடவில்லை, அது தமிழ் எழுத்தின் முதல் பைட்.

இங்கே அணிகளின் அணி என்ற ஏற்பாடு நமக்குக் கைகொடுக்கிறது. ஒவ்வோர் உள் அணியும் தனியானது என்பதால் எல்லா வரிசையும் ஒரே நீளத்தில் இருக்க வேண்டியதில்லை. ஊர்ப் பெயர்களைப் பைட்டாக வைக்கிறோம் என்றால் தேனிக்கு 12 பைட், மதுரைக்கு 15, திருநெல்வேலிக்கு 36. சி மொழியின் கட்டத்தில் எல்லா ஊருக்கும் 36 ஒதுக்க வேண்டும். ஜாவாவில் [3][] என்று இரண்டாவது அடைப்புக்குறியைக் காலியாக விட்டுவிட்டு, ஒவ்வொரு வரிசைக்கும் வேண்டிய நீளத்தைப் பிறகு கொடுக்கலாம். கொடுக்கும்வரை அந்த இடத்தில் ‘நல்’தான் இருக்கும். அதைத் தொட்டால் நிரல் அங்கேயே நின்றுவிடும். ஆகவே தொடுவதற்கு முன் நிரப்பிவிட வேண்டும்.

ஒற்றை அணிதான் எப்போதும் உயர்ந்தது என்று நான் சொல்லவில்லை. ஜாவாவில் ஓர் அணிக்கு அதிகபட்சம் சுமார் 214 கோடி இடம்தான். அதைத் தாண்டும் பெரிய முப்பரிமாண ஸ்கேன்களை அடுக்கடுக்காகப் பிரித்துத்தான் வைத்தாக வேண்டும். அங்கே அணிகளின் அணி இயல்பான வடிவம். சதுரங்கப் பலகை போன்ற சின்ன வேலைக்கு [8][8] என்று எழுதினால் படிப்பவருக்கு எளிது. நூற்றுச் சொச்சம் பைட்டை மிச்சம் பிடித்து ஆகப்போவது ஒன்றுமில்லை. எத்தனை உள் அணிகள் உருவாகும், ஒவ்வொன்றிலும் எவ்வளவு தரவு இருக்கும் என்ற இரண்டையும் எழுதுவதற்கு முன் பார்த்துவிட்டால் போதும். உள் அணி நீளமாகவும் எண்ணிக்கை குறைவாகவும் இருந்தால் கவலையில்லை. உள் அணியில் இரண்டு, மூன்று பைட் மட்டும் இருந்து எண்ணிக்கை லட்சக்கணக்கில் போனால் வரிசையை மாற்றுங்கள்.

நகல் எடுப்பதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், சுருக்கமாக. இருபரிமாண அணியை ‘குளோன்’ செய்தால் மேலே உள்ள முகவரி அணி மட்டும்தான் நகலாகும். உள்ளே இருக்கும் வரிசைகள் இரண்டுக்கும் பொது. நகலில் ஒரு புள்ளியைக் கறுப்பாக்கினால் மூலப்படத்திலும் அது கறுப்பாகும். ஒவ்வொரு வரிசையாகக் குளோன் செய்ய வேண்டும். அதேபோல் இரண்டு படங்களும் ஒன்றா என்று ‘அரேஸ்.ஈக்வல்ஸ்’ கொண்டு கேட்டால் அது முகவரிகளை ஒப்பிட்டு ‘இல்லை’ என்று சொல்லிவிடும், ‘அரேஸ்.டீப்ஈக்வல்ஸ்’ கேட்டால்தான் உள்ளே போய்ப் பார்க்கும்.

நாம் கல்லூரிகளில் பல பரிமாண அணிக்கு நடத்தும் பாடம் பெரும்பாலும் மூன்றுக்கு மூன்று அணிகள் இரண்டைக் கூட்டுவது, பெருக்குவது. செய்முறைத் தேர்விலும் அதே கேள்வி. ஒன்பது எண்களில் நினைவகமும் தெரியாது, வேகமும் தெரியாது, மைனஸ் குறியும் தெரியாது. அந்த நிரலை மனப்பாடம் செய்து முழு மதிப்பெண் வாங்கிய பிள்ளைகள் வேலைக்கான நேர்காணலில், ஜாவாவில் இருபரிமாண அணி நினைவகத்தில் எப்படி இருக்கும் என்று கேட்டால் விழிக்கிறார்கள். அவர்களுடைய திறமையில் எந்தக் குறையும் இல்லை. அவர்களிடம் ஒரு நிஜமான தரவைக் கொடுக்காமல் விட்டது நாம்.

ஜாவா நடத்தும் ஆசிரியர்களிடம் கேட்டுக்கொள்கிறேன்: அடுத்த பருவத்தில் அந்த மூன்றுக்கு மூன்றை ஒருமுறை நிறுத்திவையுங்கள். ஒவ்வொரு மாணவரும் தன் கைப்பேசியில் எடுத்த படம் ஒன்றைக் கொண்டு வரட்டும். அதைப் பைட் அணியாக ஏற்றி, எவ்வளவு நினைவகம் பிடிக்கிறது என்று முதலில் தாளில் கணக்குப் போட்டு, பிறகு படத்தின் வெளிச்சத்தைக் கூட்டச் சொல்லுங்கள். இரண்டு ஆய்வக வகுப்பு போதும், புதிய கருவி எதுவும் வாங்க வேண்டாம்.